சர்வேயரம்மாவின் நாடா

மஞ்சுக்கோம்பையில் மாடு தொலைவதும் குடை தொலைவதும் ஆள் தொலைவதும் ஒரே விதம்தான். பனிமூட்டமாக மஞ்சு இறங்கும், தேயிலைச் சரிவையும் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளையும் பஜாரையும் ஒரே வெள்ளைத் துணியால் மூடும், மறுபடி ஏறும்போது மூடியதில் சிலதைத் திருப்பிக் கொடுக்கும், சிலதைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். ஊர்க்காரர்கள் மஞ்சோடு சண்டைக்குப் போனதில்லை. கொடுத்ததை எண்ணி வீட்டுக்குள் கட்டினார்கள், கொடுக்காததற்கு ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மறுநாள் கொழுந்து கிள்ளப் போனார்கள். சர்வேயரம்மாவின் பெட்டி நாடாவை மென்று துப்பிய வருஷம் வரைக்கும் அங்கே இதுதான் நடப்பு.

சர்வேயரம்மாவின் பெயர் ரூபவதி. மார்த்தாண்டத்துப் பக்கம் பிறந்து, பாலிடெக்னிக்கில் படித்து, எல்லை அளக்க ஆள் தேடிய ஒரு எஸ்டேட் கம்பெனியின் விளம்பரத்தைப் பார்த்து மலையேறியவள். கம்பெனி அவளுக்கு மொய்து காக்காவின் டீக்கடை மாடியில் ஒரு அறையும், அந்த அறைக்கு ஒரு கம்ப்யூட்டரும் கொடுத்தது. கம்பளியில் சுற்றி, கைக்குழந்தையைப் போல லாரியில் முன் சீட்டில் உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் போக வேண்டும் என்று ஜனங்கள் நம்பிய காலம் அது. கம்ப்யூட்டரோடு கூடவே வந்ததுதான் அந்தச் சாம்பல் நிறப் பெட்டி. டிபன் கேரியரைப் படுக்கப் போட்ட அளவு, பிரின்டருக்கு உரிய துளையில் அதன் வயரைச் செருக வேண்டும், அதன் வாயில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கேட்ரிட்ஜைத் திணிக்க வேண்டும். கேட்ரிட்ஜுக்குள் பாட்டு கேசட்டில் இருப்பது மாதிரியே கரும்பழுப்பு நாடா. கம்ப்யூட்டரில் உள்ளதெல்லாம் அந்த நாடாவில் இன்னொரு முறை ஏறிக்கொள்ளும். கம்ப்யூட்டர் செத்தாலும் நாடாவிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்று அதைக் கொண்டுவந்தவர் சொல்லிவிட்டுப் போனார்.

எல்லையை அளந்து முடித்ததும் கம்பெனி எஸ்டேட்டைக் கைமாற்றிவிட்டுக் கிளம்பியது. கம்ப்யூட்டரையும் பெட்டியையும் எடுத்துப் போக ஆள் அனுப்புகிறோம் என்றவர்கள் அனுப்பவே இல்லை. ரூபவதியும் போகவில்லை. பஜார்க்காரர்களுக்கு வீட்டு பிளான் போட்டுக் கொடுத்து வயிற்றைக் கழுவிக்கொண்டு, மிச்ச நேரமெல்லாம் மலையில் நடந்தாள். யாரும் கேட்காத ஒரு வேலையை அவளாகவே தொடங்கியிருந்தாள். கொழுந்துக்காரிகள் கூடை சுமந்து போகும் ஒற்றையடிப் பாதை, பன்றி இறங்கும் பாதை, யானை தண்ணீருக்குப் போகும் பாதை, தார் ரோடு வருவதற்கு முன்னால் குதிரைகள் ஏறி வந்த பாதை என்று அந்த மலையில் காலடி பட்ட எல்லாத் தடத்தையும் நடந்து பார்த்து, அளந்து, கம்ப்யூட்டரில் கோடாக இழுத்து வைத்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் அதையெல்லாம் நாடாவில் ஏற்றுவாள். பெட்டி ‘ஙீ’ என்று ஒரு கோடிக்குப் போகும், டக்கென்று நிற்கும், திரும்பி வரும், மறுபடி போகும். ஒரு வழியை நடந்து பார்த்தும் நம்பிக்கை வராமல் இன்னொரு முறை நடந்து பார்க்கிற ஆளைப் போல.

கீழே டீ ஆற்றிக்கொண்டே மொய்து காக்கா குரல் கொடுப்பார்.

“மோளே, மேல என்ன அரையுது? மாவா?”

“என் வேலையைப் பத்திரம் பண்ணுது காக்கா.”

“அப்ப அரையட்டும், அரையட்டும்.”

அரைத்து முடிந்ததும் பெட்டியின் முதுகு கதகதப்பாக இருக்கும். அதைத் தடவி, “ரொம்ப நன்றி” என்பாள். நன்றி சொல்லும்படியான வேறு ஆள் அப்போது அந்த ஊரில் தனக்கு இல்லை என்று அவளுக்கு எண்ணம். கேட்ரிட்ஜுகளை ஈரம் அண்டாமல் அரிசி டிரம்முக்குள் புதைத்து வைப்பாள். சோறு வடிக்க அரிசி அள்ளும்போதெல்லாம் விரலில் மலை தட்டுப்படும்.

இப்படியே பல வருஷம் போன பிறகு, ஒரு கோடை மழையில் டெலிபோன் வயர் வழியாக இடி இறங்கி கம்ப்யூட்டரைக் கரியாக்கியது. ரூபவதி பதறவில்லை. இரண்டு வருஷம் பணம் சேர்த்து, கோயம்புத்தூரிலிருந்து வேறொரு கம்ப்யூட்டரை வரவழைத்து, அதுவரை அலமாரியில் சும்மா கிடந்த பெட்டியை எடுத்து மாட்டி, அரிசியிலிருந்து ஒரு கேட்ரிட்ஜைத் தோண்டித் துடைத்துச் செருகினாள். பெட்டிக்குள் நாடாவைத் தள்ளுகிற ரப்பர் சக்கரம் வயதாகி வெல்லப்பாகு மாதிரி உருகிக் கிடந்தது அவளுக்குத் தெரியாது. பெட்டி ஒருமுறை முனகியது, நாடாவை உள்ளே இழுத்தது, மென்றது. அவள் பதறி வெளியே இழுக்க இழுக்க இடியாப்பம் மாதிரி வந்துகொண்டே இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோயம்புத்தூருக்கே போனாள். கடைக்காரப் பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அக்கா, இதுக்கு ரோலரும் வராது, இதைப் பார்க்கத் தெரிஞ்ச ஆளும் வரமாட்டாங்க” என்றான். மலை அரிசிக்குள்தான் இருக்கிறது, ஆனால் வெளியே எடுக்க வழியில்லை என்பது பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒவ்வொரு வளைவிலும் அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. மென்று துப்பிய நாடாவைக் கொண்டுபோய் வேலிமேல் போட்டாள்.

பஜாருக்குப் பின்னால் லயன் வீட்டில் இருக்கும் செவந்தி, கொழுந்து கிள்ளுகிறவள், அந்த வழியாக வந்தாள்.

“சர்வேயரம்மா, இந்தக் கருப்பு நாடா வேணுமா, வேணாமா?”

“வேணாம். எடுத்துக்க.”

செவந்திக்கு ஒரு பசு, பெயர் கறுப்பி. மஞ்சு இறங்கினால் காலுக்கு வந்த திசையில் போகிற ஜென்மம். ஒருமுறை முதுகில் சிறுத்தையின் நகக் கீறலோடு வந்தது. மணி கட்ட கயிறில்லாமல் செவந்தி இந்த நாடாவை மூன்று புரியாக முறுக்கி அதன் கழுத்தில் கட்டினாள். அன்றைக்குச் சாயங்காலம் நீட்டிய கை தெரியாத மஞ்சு. லயனில் எல்லாருடைய மாடுகளும் எங்கெங்கோ நிற்க, கறுப்பி மட்டும் நேராக வந்து கதவை நெற்றியால் முட்டியது. செவந்தி கதவைத் திறந்து, “வந்துட்டியா” என்று சொல்லிவிட்டு, தண்ணீர் காட்டினாள். மறுநாள் பக்கத்து வீட்டு ஆடுகளுக்கும் கட்டினார்கள். ஆடுகளும் வந்தன. ஒருத்தர் குடைக்காம்பில் சுற்றினார். அதைப் பொள்ளாச்சி பஸ்ஸில் மறந்துவிட்டு இறங்கினார். காலையில் குடை தண்ணீர் சொட்டச் சொட்ட அவர் வீட்டு ஆணியில் தொங்கியது. கண்டக்டர் ஜோதிமுருகனைக் கேட்டதற்கு, “ஆமா, அது நம்ம ஸ்டாப்புலதான் இறங்குச்சு. இறங்கினப்புறம்தான் நான் விசிலே குடுத்தேன்” என்றார்.

அதற்குப் பிறகு ஊரில் யாரும் வேலைவெட்டியை விட்டுவிட்டு அதிசயம் பார்க்க நிற்கவில்லை; அதிசயத்துக்குத் தக்கபடி வேலைவெட்டியை மாற்றிக்கொண்டார்கள். வழி தப்பினது எதுவானாலும், அதன்மேல் சர்வேயரம்மா நாடா ஒரு விரல்கடை இருந்தால் வீட்டுக்கு வந்துவிடும் என்று தெரிந்துபோனது. மொய்து காக்கா தன் டீ கிளாஸ்களின் அடியில் ஒட்டினார். லயனுக்குப் பார்சல் போன கிளாஸ்கள் காலையில் கடை வாசலில் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. இரவல் போன ஆட்டுக்கல் திரும்பி வந்தது, அதைத் தூக்கி வந்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. உடுமலைக்காரருக்கு விற்ற நாய் நாலு முறை ஓடி வந்த பிறகு, எதை விற்றாலும் வாங்குகிறவர் கண் முன்னால் நாடாவை அறுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று பஜாரில் பேசி முடிவு செய்தார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார் பிள்ளைகள் மஞ்சில் தவறிவிடக் கூடாதென்று எல்லாருடைய மணிக்கட்டிலும் கட்டிவிட்டார். கணக்குப் பாடம் தொடங்கியதும் வகுப்பு மொத்தமும் எழுந்து அவரவர் வீட்டுக்குப் போய்விட்டது. அம்மன் புறப்பாட்டில் யாரோ பக்தி மிகுதியில் பல்லக்கில் சுற்றிவிட, புது ரோட்டு முனையில் பல்லக்கு திரும்பிக் கோயிலைப் பார்த்து நின்றது. பூசாரி நாடாவை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு, “அம்மா, இன்னும் ரெண்டு தெரு இருக்கு, பார்த்துட்டு வந்துடலாம்” என்று கெஞ்சி அழைத்துப் போனார். கட்டிக்கொடுத்த பெண்ணின் சேலை விளிம்பில் தாய்க்காரி ரகசியமாக வைத்துத் தைத்ததில், புருஷன் வீட்டு அடுப்படியில் எந்த டப்பாவில் உப்பு என்று தெரியாமல் திகைத்த கணத்தில் பெண் கிளம்பி, கையில் கரண்டியோடு மஞ்சுக்கோம்பைக்கு வந்து நின்றாள். அதுமுதல் முகூர்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் கூறைச்சேலையின் ஓரத்தைத் தடவிப் பார்ப்பது அந்த ஊர்ச் சடங்குகளில் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது.

ஏன் இப்படி என்று கேட்டவர்களும் உண்டு. நாடாவுக்குள் சர்வேயரம்மா நடந்த பாதையெல்லாம் இருக்கிறது, அதுதான் வழி காட்டுகிறது என்றார்கள் சிலர். அரிசிக்குள் கிடந்ததால் அதற்குச் சோறு இருக்கும் இடம் தெரியும் என்றாள் செவந்தி. ரூபவதியைக் கேட்டால், “எனக்குத் தெரியல” என்பாள். ஆனால் வாசலில் யார் வந்து நின்றாலும் கத்தரிக்கோலை எடுத்து ஒரு துண்டு அறுத்துக் கொடுத்தாள். வாங்கிப் போனவர்கள் சும்மா போகவில்லை. ஒருத்தி கருவேப்பிலை வைத்துவிட்டுப் போனாள், ஒருத்தர் ஒழுகிய கூரைக்குத் தகரம் அடித்துவிட்டுப் போனார், கறுப்பியின் பால் தினமும் ஒரு செம்பு படியேறி வந்தது. நாடாவை அறுத்த பிறகு அவள் கையை நன்றாகக் கழுவி, சேலையை உதறி, ஒரு நூல் அளவுகூடத் தன்மேல் ஒட்டியிராமல் பார்த்துக்கொள்வாள் என்பதை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. தெரியாத்தனமாக ஒட்டிக்கொண்டு, மலையில் எங்காவது வழி தப்பினால், கால் தன்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பது அவளுக்குப் பயமாக இருந்தது. மார்த்தாண்டத்தில் அண்ணன் வீட்டு வாசலில் நிறுத்தலாம், மதினி கதவைப் பாதி திறந்து, “என்ன, திடீர்னு?” என்று கேட்கலாம். அல்லது எங்கேயும் போகாமல், போகிற இடம் இல்லாமல், கால் நின்ற இடத்திலேயே நின்றுவிடலாம்.

மொய்து காக்காவுக்கு நடந்தது அந்தப் பயத்தை உறுதியாக்கியது. விறகுக்குப் போகையில் மஞ்சு இறங்கிவிடும் போலிருக்க, அவர் விளையாட்டாக ஒரு துண்டைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு அவர் கடைக்கு வரவில்லை. மறுநாளும் இல்லை. ஊரே தீப்பந்தம் கொளுத்தித் தேடி ஓய்ந்த பிறகு பொள்ளாச்சி பஸ்ஸில் வந்து இறங்கினார், தலையைக் குனிந்துகொண்டு. மலப்புறத்துக்குப் பக்கத்தில் அவர் பிறந்த வீட்டு வாசலில் போய் நின்றிருந்தார். அந்த வீட்டில் இப்போது வேறு யாரோ இருந்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், வழிச்செலவுக்கும் கொடுத்து அனுப்பினார்கள்.

ஊர் அவரை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் கஷ்டம். அவ்வளவு காலம் அவர் கையால் டீ குடித்தவர்கள், பிள்ளை பிறந்தால் முதலில் அவர் கடையில் மிட்டாய் கொடுத்தவர்கள், கிளாஸைப் பார்த்துக்கொண்டே குடித்துவிட்டு எழுந்து போனார்கள். செவந்தி மட்டும் வாய்விட்டுச் சொன்னாள்.

“நம்மளை எல்லாம் உக்கார வச்சு டீ ஊத்திக்கிட்டு, காலை மட்டும் அங்கேயே வச்சிட்டு வந்திருக்கீங்க காக்கா.”

“செவந்தி, சத்தியமா அது கால் போன வழி. என்னைக் கேட்டுட்டுப் போகல.”

“கேட்டிருந்தா எங்க போகச் சொல்லியிருப்பீங்க?”

 அந்த வாரம் முழுக்க அவர் எல்லாருக்கும் சர்க்கரை ஒரு கரண்டி கூடவே போட்டார். அதன் பிறகு ஊரில் யாரும் நாடாவைத் தங்கள் மேல் கட்டிக்கொள்ளவில்லை. கால் என்ன சொல்லிவிடுமோ என்று எல்லாருக்கும் உள்ளுக்குள் ஒரு கூச்சம்.

வேலிமேல் கிடந்த நாடா தீர்ந்தது. “இன்னும் இருக்கா சர்வேயரம்மா?” என்று கேட்டவர்களிடம் ரூபவதி, “தீர்ந்துபோச்சு” என்றாள். அரிசி டிரம்மில் மிச்ச கேட்ரிட்ஜுகள் இருந்தன. என்றைக்காவது, எந்த ஊரிலாவது, உருகாத சக்கரத்தோடு ஒரு பெட்டி கிடைக்கும், கோடு கோடாக மலை மறுபடி திரையில் எழும் என்ற நினைப்பை அவளால் கத்தரிக்க முடியவில்லை. பொய் சொன்ன நாளில் அரிசி அள்ள டிரம்முக்குள் கையை விடவே கூசியது. கடையில் இட்லி வாங்கித் தின்றாள்.

ஆடி மாதம் மழை பிடித்தது. விடாமல் பெய்ததில் கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு இடத்தில் ரோடே கீழே போய்விட்டது. கரண்ட் இல்லை, போன் இல்லை. அப்படியொரு காலையில் பாய்லருக்குப் பக்கத்தில் மொய்து காக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் சாய்ந்தார். எஸ்டேட் கம்பவுண்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்து, ஒரு மாத்திரையை நாக்குக்கடியில் வைத்துவிட்டு, “இன்னிக்குள்ள கீழ கொண்டுபோயாகணும். இங்க வச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது” என்றார்.

ரோடு இல்லை. கூட்டத்தில் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்போது ரூபவதி, மாடிப்படியில் நின்றவள், “குதிரைப் பாதை இருக்கு” என்றாள். “காடு மூடிக் கிடக்கும். ஆனா நான் நடந்திருக்கேன். நான் முன்னால போறேன்.”

கம்பளியைக் கம்பில் கட்டித் தூளி ஆக்கினார்கள். சுமக்க ஆள் வந்தது, கண்டக்டர் ஜோதிமுருகனும் தோள் கொடுக்க வந்தார், செவந்தியும் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வந்தாள். இருந்தும் கிளம்பத் தயங்கினார்கள்.

“போயிடலாங்க” என்றார் ஜோதிமுருகன். “நீங்க முன்னால நடந்தா பின்னாலயே வந்துடலாம். ஆனா நீங்க காக்காகூட ஆஸ்பத்திரியில இருக்கணும், அவருக்கு வேற யாரு? நாங்க திரும்பி வரணுமே, இந்த மஞ்சுல, யானை இருக்கிற காட்டுல. எங்களை யாரு கூட்டிட்டு வருவா?”

ரூபவதி மேலே போனாள். செவந்தியும் பின்னாலேயே ஏறிப் போய், அவள் அரிசி டிரம்மின் மூடியைத் திறந்து, தோள் வரை கையை விட்டுத் தோண்டி, ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் வைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தீர்ந்துபோச்சு என்று சொன்னீர்களே என்று கேட்கவில்லை. ரூபவதி கேட்ரிட்ஜின் ஸ்குரூவைக் கழற்றி மூடியைத் திறந்து, சுருளின் நுனியைப் பிடித்து இழுத்தாள். நாடா விரலுக்கு நடுவே வழுவழுவென்று ஓடியது.

“இதுக்குள்ள என்னதான் இருக்கு சர்வேயரம்மா?”

“மலை இருக்கு செவந்தி. மொத்த மலையும்.”

செவந்தி ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மழைக்கு நடுவே அது பச்சையும் கறுப்புமாக நின்றது.

“மலை இங்கதானே இருக்கு” என்றாள்.

ரூபவதிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்தாள். எந்தத் துண்டில் எந்தப் பாதை இருக்கிறதோ தெரியாது. பன்றிப் பாதை ஒருத்தருக்கும் யானைப் பாதை ஒருத்தருக்கும் போகலாம். இத்தனை காலம் பத்திரமாக வைத்திருந்ததற்கு, அலமாரியில் செத்துக் கிடந்த பெட்டிக்கு மனசுக்குள் ஒரு நன்றி சொன்னாள். முழ நீளத் துண்டுகளாக அறுத்துக் கொண்டுவந்து எல்லார் கையிலும் கொடுத்தாள். ஒருத்தர் உடனே மணிக்கட்டில் சுற்றப் போனார்.

“இப்ப கட்டாதீங்க, டப்பாவுல போட்டு எடுத்துக்கங்க” என்று செவந்தி கத்தினாள். “நடுவுல வழி தப்பிச்சுன்னா காக்காவைத் தூக்கிக்கிட்டே திரும்பி வந்து இங்கேயே நிப்போம். கீழ ஒப்படைச்சுட்டு அப்புறம் கட்டிக்கலாம். காக்கா மேல பட்டுடாம பார்த்துக்கங்க. பட்டுச்சுன்னா எழுந்து மலப்புறத்துக்கு நடந்துடுவாரு.”

தூளிக்குள்ளிருந்து, வலிக்கு நடுவிலும், மொய்து காக்கா சிரித்தது எல்லாருக்கும் கேட்டது. அந்தச் சிரிப்போடுதான் இறங்கினார்கள்.

குதிரைப் பாதை அவள் நடந்தபோது இருந்த மாதிரி இல்லை. உண்ணிச்செடிப் புதர் மூடிக் கிடந்தது, ஓரிடத்தில் ஓடை பாதையையே தன் படுகையாக்கிக்கொண்டு ஓடியது. ரூபவதி அரிவாளால் விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். அட்டை கடித்த கால்களோடு, தோள் மாற்றித் தோள் மாற்றி அவர்கள் பின்னால் வந்தார்கள். நின்று யோசிக்க வேண்டிய இடங்களில் அவள் திரையில் இழுத்த கோட்டை நினைத்துப் பார்த்தாள், கோடு நினைவுக்கு வரவில்லை. ஆனால் கால் ஒரு பக்கம் திரும்பியது, திரும்பிய பக்கம் பாதை இருந்தது. வெளிச்சம் போவதற்கு முன்னால் அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்துவிட்டார்கள். டாக்டர் உள்ளே கொண்டுபோனார், வெளியே வந்து, “சரியான நேரம்” என்றார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரோரமாக நின்று எல்லாரும் நாடாவைக் கட்டிக்கொண்டார்கள். கட்டும்போது ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்கவில்லை. கால் யாரை எங்கே கொண்டுபோகுமோ என்ற கூச்சம் அப்போதும் இருந்தது. பிறகு ஒருவர் பின் ஒருவராக மஞ்சுக்குள் ஏறிப் போனார்கள். யாரும் யானையிடம் சிக்கவில்லை, யாரும் வேறு ஊரில் போய் நிற்கவில்லை. அத்தனை பேரும் அவரவர் லயன் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். தனக்கு உள்ளூர ஆச்சரியமாகக்கூட இருந்ததாக ஜோதிமுருகன் பிறகு சொன்னார். தேனிப் பக்கம் பிறந்தவர் அவர், கால் அந்தப் பக்கம் இழுக்கும் என்று வழியெல்லாம் பயந்துகொண்டே நடந்திருக்கிறார்.

ரூபவதி ஆஸ்பத்திரியில் தங்கினாள். காக்காவுக்குக் கஞ்சி வாங்கிக் கொடுத்தாள், துணி அலசிப் போட்டாள். அவர் எழுந்து உட்காரத் தொடங்கியதும் ஒருநாள் சாயங்காலம் கேட்டார்.

“மோளே, அந்த நாடா மிச்சம் உண்டா?”

அவள் முந்தானை முடிச்சைத் தொட்டாள். துணியில் இரண்டு சுற்று சுற்றி முடிந்து வைத்திருந்த ஒரு துண்டு, கையோடு கொண்டுவந்ததில் அதுதான் கடைசி.

“எதுக்கு காக்கா?”

“அன்னிக்கு அந்த வீட்டு வாசல்ல நின்னேன் பாரு, அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியல. ஆனா கால் மட்டும் சந்தோஷமா இருந்துச்சு. அதை ஊர்ல யார்கிட்டயும் சொல்ல முடியல. இப்ப எல்லாரும் மாத்தி மாத்தித் தோள்ல தூக்கிட்டு வந்தாங்க. கம்பளிக்குள்ள படுத்துக்கிட்டு ஒவ்வொருத்தர் மூச்சையும் கேட்டுட்டே வந்தேன். இது செவந்தி, இது ஜோதிமுருகன்னு. இப்ப என் கால் என்ன சொல்லுதுன்னு பார்க்கணும்.”

“மறுபடி அங்கேயே போயிடுச்சுன்னா?”

“போனா போகட்டும். அந்த வாசல்ல நின்னு, என்னைத் தூக்கிட்டு வந்தவங்க பேரை ஒவ்வொண்ணா சொல்லிட்டு வருவேன்.”

அவள் முடிச்சை அவிழ்த்தாள். துணியோடு பிடித்து, தன் விரலில் படாமல், அவருடைய மணிக்கட்டில் கட்டினாள்.

காலையில் கட்டில் காலியாக இருந்தது. நர்ஸ் அவளைத் திட்டினாள், வாட்ச்மேன் யாரும் வெளியே போகவில்லை என்று சத்தியம் செய்தார். ரூபவதி பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். ரோட்டில் பாதி வரைக்கும் பஸ் விட்டிருந்தார்கள். மண் சரிந்த இடத்தில் இறங்கி, மண் அள்ளிக்கொண்டிருந்தவர்களிடம், “தாடி வச்ச பெரியவர் ஒருத்தர் இந்த வழியா வந்தாரா?” என்று கேட்டாள். அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. அப்படியானால் மேற்கே மலப்புறத்துக்குத்தான் போயிருக்கிறார் என்று அவள் மனசு சொன்னது. போய்ச் சேர்ந்திருக்கட்டும், அங்கேயும் யாராவது தண்ணீர் கொடுக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே மிச்ச வளைவுகளை நடந்து ஏறினாள். ஊர் எல்லையில் மஞ்சு இறங்கியிருந்தது. பஜார் இருக்கும் இடத்தில் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஊரிடம் எப்படிச் சொல்வது, செவந்தி முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற யோசனையோடு தலையைக் குனிந்துகொண்டே நடந்தாள்.

கால் நின்றபோது, உயரத்திலிருந்து டீ ஆற்றுகிற சத்தம் கேட்டது. ஏலக்காய் மணம் வந்தது. மஞ்சுக்குள் ஒவ்வொரு முகமாகத் தெளிந்தது. பெஞ்சில் செவந்தி, அவள் பக்கத்தில் ஜோதிமுருகன், தூளி சுமந்த அத்தனை பேரும். பாய்லருக்குப் பின்னால், ஆஸ்பத்திரி வேட்டியோடு, மொய்து காக்கா.

“எப்ப வந்தாரு?” என்றாள் ரூபவதி. 

“தெரியல. பால்காரர் வந்தப்ப கடை திறந்திருந்துச்சு” என்றாள் செவந்தி. அவள் வாய் சாதாரணமாகத்தான் சொன்னது. ஆனால் குடித்து முடித்த கிளாஸை இன்னும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

காக்கா டீயை நீட்டினார். “மோளே, இந்த மஞ்சுல நீ எதைக் கட்டிக்கிட்டு வந்தே?”

அவள் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். முந்தானையைப் பார்த்தாள். தன் அறைக்குப் போகிற மாடிப்படியைத் தாண்டித்தான் இங்கே வந்து நிற்கிறாள் என்பதை அப்போதுதான் கவனித்தாள்.

“ஒண்ணும் கட்டல காக்கா.”

“பின்ன?”

அவள் டீயை வாங்கிக்கொண்டாள். டீ கிளாஸ் சுட்டது, அதை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். செவந்தி பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.

“உக்காரு ரூபா. ஆறிடப் போகுது.”